ஏழாம் பாடத்தில் ஓடிய முகவரி

அந்தச் செய்தியின் வாலில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். டீச்சர் அதை இரண்டாம் முறை படித்தாள்.

'டீச்சர், நீங்க நம்ம ஏரியாவா! ஏழாம் பாடத்துல உங்க அட்ரஸ் ஓடுதே! நான் பக்கத்துத் தெருதான். இத்தனை நாள் தெரியாமப் போச்சே!'

அனுப்பியவள் இன்சூரன்ஸ் விற்பவள். தோல் பை தைக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்தவர்களில் பெரிய வாயாடி. மற்ற மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் பாலிசிக்காரி.

டீச்சர் தோல் வெட்டும் கத்தியை மேசையில் வைத்தாள். வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. திறந்து மறுபடி போட்டாள். உள் அறையில் மகள் காய்ச்சலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு லேப்டாப்பில் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு வீட்டில் பெயர் பூட்டு. சின்ன வயதில் அலமாரிக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியவன். வளர்ந்த பிறகு தொழிலும் அதுவாகவே அமைந்துவிட்டது. வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் பூட்டுகள் செய்கிறான்.

"என்னக்கா, இந்நேரத்துல? சாப்ட்டாச்சா?"

"ஏழாம் பாடத்துல என் அட்ரஸ் ஓடுதாம்டா."

"உனக்கு உன் அட்ரஸ்தான ஓடும்? அதுக்குத்தான அந்த ஏற்பாடு?"

"எனக்கு இல்லடா. ஸ்டூடண்டுக்கு. பாலிசிக்காரிக்கு!"

மறுமுனையில் கீபோர்டு மழை பெய்கிற மாதிரி கேட்டது.

அந்த ஏற்பாடு பூட்டுவின் மூளையில் பிறந்தது. டீச்சரின் முதல் வகுப்பை எவனோ திருடி, வாட்ஸப் குரூப் குரூப்பாக இலவசமாகச் சுற்றவிட்டிருந்தான். அதன் பிறகுதான் பூட்டு களத்தில் இறங்கினான். வீடியோக்களை எல்லாம் க்ளவுடில் ஏற்றிப் பூட்டினான். பணம் கட்டியவர் லாகின் செய்தால் அவர் பெயரில் ஒரு லிங்க் பிறக்கும். சில நிமிடங்களில் செத்துப்போகும். பார்த்துக்கொண்டிருந்தால் ப்ளேயரே புது லிங்க் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புத்தான் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவரின் பெயரும் முகவரியும் படத்தின் குறுக்கே மங்கலாக நீந்திக்கொண்டே இருக்கும். பை வெட்டும் அட்டை மாதிரிகளைத் தபாலில் அனுப்புவதால் எல்லோர் முகவரியும் கையில் இருந்தது.

"திருடன் பயப்படணும்னா பேரு பத்தாதுக்கா. அவன் வீட்டு நம்பரே ஓடணும்" என்று அன்று பெருமையாகச் சொன்னவன், இன்று குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா... நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"சொல்லித் தொலை."

"படம் நின்னு நின்னு வருதுன்னு எல்லாரும் புலம்பினாங்கள்ல? ஆளுக்கு ஒரு நகல் பண்ணி க்ளவுட்லேர்ந்து அனுப்பறதாலதான் லேட்டு. அதனால நேத்து ஒரு செட்டிங் மாத்தினேன். மொதல்ல போற நகலைப் பக்கத்து சர்வர்ல வெச்சுக்கோ, அடுத்து வர்றவங்களுக்கும் அதையே குடுன்னு. லிங்க்கோட வால்லதான் யாருக்கான நகல்னு இருக்கும். அந்த வாலைப் பார்க்காதன்னு சொல்லிட்டேன். வாசல்ல டிக்கெட்டு ஒழுங்காத்தான் பார்க்குது. காசு கட்டாதவன் ஒருத்தன்கூட உள்ள வரல. ஆனா வந்த எல்லாருக்கும்..."

"மொதல்ல போனவளோட நகல்."

"ஆமா."

"மொதல்ல போறது எப்பவும் நான்தானடா!"

அது அவள் வழக்கம். பாடம் ஏறியதும் மாணவி மாதிரி லாகின் செய்து, முழுதும் ஓட்டிப் பார்ப்பாள். தைப்பது சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அல்ல. பையின் பித்தளைக் கொக்கியில் தன் முகம் எங்கேயாவது பளிச்சிட்டுவிட்டதா என்று பார்ப்பதற்கு.

ஏனென்றால் அவளைத் தேடிக்கொண்டு ஒருவன் இருந்தான்.

ஒரு காலத்தில் அவன் அவள் கணவன். இடது கையால் பரிமாறுகிறாள் என்பதற்காக அந்தக் கையை மேசை டிராயருக்குள் வைத்து மூடியவன். அருகில் வரக்கூடாது என்று கோர்ட் போட்ட உத்தரவை, "பார்க்கலாம்" என்று சொல்லி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டவன். அதனால்தான் ஊர் மாற்றம். அதனால்தான் வீடியோவில் கைகள் மட்டும் தெரியும். குரல்கூடப் பூட்டுவின் மனைவியுடையது. இடது கைப் பழக்கம் காட்டிக்கொடுத்துவிடுமென்று படத்தையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பார்ப்பவருக்கு அவள் வலது கைக்காரி.

"செட்டிங்கை இப்பவே பழையபடி மாத்தறேன். அந்த நகலையும் அழிச்சுடறேன்" என்றான் பூட்டு. "எல்லா சர்வருக்கும் போய்ச் சேர கொஞ்ச நேரம் ஆகும். பயப்படாதக்கா. பார்த்தவங்க எல்லாம் பை தைக்க வந்த பொம்பளைங்க. உன் அட்ரஸை வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

டீச்சருக்குப் போன வாரம் ஒரு மாணவி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

"டேய்... மெழுகுவர்த்தின்னு ஒரு ஸ்டூடண்ட் இருக்காளே."

"ஆமா. மெழுகுவர்த்தி செஞ்சு விக்கிறதா போட்டிருந்துச்சு."

"இடது கைக்காரங்க கத்தியை எப்படிப் பிடிக்கணும்னு கேட்டிருந்தா. கேட்டுட்டு, 'உங்களுக்குத் தெரியாம இருக்காது'ன்னு முடிச்சிருந்தா."

"சரி, அதுக்கு?"

"எனக்கு ஏன்டா தெரியணும்? வீடியோல நான் வலது கைடா!"

கீபோர்டு சத்தம் வேகமெடுத்தது.

"அவளுக்கு அனுப்பின அட்டை மாதிரி பார்சலும் திரும்பி வந்துச்சு. அப்படி ஒரு வீடே இல்லன்னு. நான் ஏதோ பின்கோடு தப்புன்னு நெனச்சேன்." டீச்சர் லேப்டாப்பை நெருங்கிக் குனிந்தாள். "பாருடா. அந்த மெழுகுவர்த்தி ஏழாம் பாடம் பார்த்தாளா?"

"பார்த்தது மட்டும் இல்லக்கா... இப்பவும் தொறந்துதான் இருக்கு."

"இப்பவுமா?"

"போன்ல. அவ இல்லக்கா, அவன்தான். நிறுத்தி வெச்சிருக்கான். லிங்க் சாகச் சாக ப்ளேயர் புதுசு கேட்டுட்டே இருக்கு. ஒவ்வொரு தடவை கேட்கறப்பவும் எந்த ஊர் நெட்வொர்க்னு இங்க தெரியும். இரு... காலையில அவன் ஊர். அப்புறம் நடுவழி ஜங்ஷன். அப்புறம் ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"இப்போ?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம்."

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். லிங்க் சாகிறது, பிறக்கிறது. ஒவ்வொரு பிறப்புக்கும் அவன் ஒரு ஊர் நெருங்கி வருகிறான். திருடனை நிறுத்தக் கட்டிய இயந்திரம், அவன் காலடிச் சத்தத்தை ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அவன் அக்கவுண்டை இப்பவே வெட்டி விட்டுடறேன்!"

"வேண்டாம்!" அவளே எதிர்பார்க்காத வேகத்தில் வந்தது அந்தச் சொல். "வெட்டினா நாம பார்த்துட்டோம்னு தெரிஞ்சுடும். அவன் எங்க இருக்கான்னும் நமக்குத் தெரியாமப் போயிடும். இரு, இன்ஸ்பெக்டர் மேடத்தைக் கூப்பிடறேன்."

லேப்டாப்பில் தம்பி, காதில் போன். இந்த ஊருக்குக் குடிவந்து ஸ்டேஷனில் உத்தரவைக் காட்டிய நாளில் பெண் இன்ஸ்பெக்டர் கொடுத்த நம்பர். அவன் போட்டோவும் அவர்களிடம் உண்டு.

"வெளிய வராதீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், முழுதும் கேட்டுவிட்டு. "உங்க தெருவுக்கு ஒரே வாய்தான். நீங்க கிளம்பி, அவன் எதிர்ல வந்தான்னா வம்பு. ஆளுங்க பாதிப்பேர் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. இருக்கறவங்களைக் கூட்டிட்டு நானே வர்றேன். கொஞ்ச நேரம் அவனை எப்படியாவது தாமதப்படுத்த முடியுமா?"

"எப்படி மேடம்? பஸ்ஸை நிறுத்தச் சொல்றீங்களா?"

"தெரு முனையில பூட்டிக் கிடக்கற இடம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போன க்ளினிக். வாடகைக்கு என்று எழுதிய அட்டை வாசலில் தொங்குகிறது. பதினாறாம் நம்பர்.

டீச்சரின் வீடு அறுபத்தொன்று. தெருவின் கடைசி.

அவளும் தம்பியும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"டேய், அவனுக்குன்னு தனியா ஒரு நகல் பண்ண முடியுமா? பேரு அப்படியே, தெரு அப்படியே. நம்பரை மட்டும் புரட்டிப் போடு. பதினாறு."

"பண்ணலாம். ஆனா அவன் நம்பரை மனசுல வெச்சிருந்தா?"

"அவனா? கடைச் சாமானையே என்னைத்தான் மனப்பாடம் பண்ணச் சொல்லுவான். எதையும் எழுதி வெச்சுக்கவும் மாட்டான். அதான் நிறுத்தின படத்தைக் கையிலயே பிடிச்சுட்டு வர்றான். வாசல் வந்ததும் மறுபடி பார்ப்பான். நம்பரைத் தான்தான் மாத்திப் படிச்சோம்னு நெனச்சுக்கட்டும்."

"பழைய நகல் எல்லா சர்வர்லேர்ந்தும் போயிருந்தாத்தான் இது அவன் கைக்குப் போகும்."

"அப்ப சாமியைக் கும்பிட்டுக்கிட்டே பண்ணு!"

பூட்டு வேலை செய்தான். டீச்சர் உள் அறைக்குப் போய் மகளின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தாள். சத்தம் கேட்டுக் குழந்தை எழுந்துவிடுமே என்று விட்டுவிட்டாள். சமையலறைக் குழாய் சொட்டியது. மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு ஒரு செருப்புச் சத்தம்.

"அக்கா. புது லிங்க் கேட்டிருக்கான்."

"எங்கேர்ந்து?"

"நம்ம ஊர்."

"எந்த நகல் போச்சு?"

"பழசு. இன்னும் பழசுதான் போகுது. அடச்சீ!" மேசையைக் குத்தும் சத்தம். "ஆனா படம் நின்னுதான் இருக்கு. ஓட்டிப் பார்த்தாத்தான் அவனுக்கு எதுவுமே மாறும்."

ஜன்னல் திரையை விரலகலம் விலக்கிப் பார்த்தாள். தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. வண்டிக்கு அடியில் ஒரு நாய். யாருடைய மாடியிலோ ஒரு போர்வை காய்ந்தது.

அப்புறம், தெரு முனையில் அவன்.

சட்டைதான் புதிது. நடை அதே நடை. எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிற நடை. கையில் போன். ஒரு வீட்டு நம்பரைப் பார்த்தான். இன்னொன்றைப் பார்த்தான். தெருவின் கடைசியை நோக்கித் தலையை நிமிர்த்தினான். டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"வந்துட்டான்டா" என்றாள், உதடு மட்டும் அசைய.

"புது லிங்க் கேட்கறான்... இரு, அக்கா... போயிடுச்சு! புது நகல் போயிடுச்சு! ப்ளே அமுக்கிட்டான்!"

ஜன்னல் திரையின் ஓரமாகப் பார்த்தாள். அவன் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனான். நெற்றியைச் சுருக்கினான். திரும்பினான். க்ளினிக் வாசலுக்குப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்தான். கதவைத் தட்டினான். ஒதுங்கி நின்று மாடியைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

ஜீப்பைக் காணோம்.

வேறொரு உருவம் தெருவுக்குள் திரும்பியது. குண்டாக, குடை பிடித்துக்கொண்டு, தோளில் பாதி தைத்த ஒரு தோல் பையுடன். போட்டோவில் மட்டுமே பார்த்த முகம். ஆனாலும் சந்தேகமே இல்லை.

"ஐயோ, பாலிசிக்காரி" என்றாள் டீச்சர்.

அவள் க்ளினிக்கைத் தாண்டினாள். நின்றாள். அவன் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஜன்னல் வரை சத்தம் எட்டவில்லை. எட்டத் தேவையும் இல்லை. கையசைப்பே சொன்னது. நீங்களும் டீச்சரோட ஸ்டூடண்டா? பதினாறு இல்லையே, எனக்கு வேற நம்பர் காட்டுச்சே! நானும் அங்கதான் போறேன், வாங்க வாங்க!

குடை முன்னால் வந்தது. அவன் பின்னால் வந்தான்.

இத்தனை பூட்டும் ஒரு நல்ல மனுஷியின் வாயால் திறந்துகொண்டது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காய்கிற போர்வையைத் தாண்டினார்கள். படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. டீச்சரின் கை தானாக மேசையிலிருந்த கத்தியைத் தேடியது. எடுத்தது. பிறகு கீழே வைத்தது.

அதே கை போனை எடுத்தது. சிரிப்புப் பொம்மைகள் வந்த நம்பரைத் தொட்டது.

தெருவில் மணி அடித்தது. பாலிசிக்காரி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ, டீச்சர்! நூறு ஆயுசு உங்களுக்கு! நான் இப்ப—"

"சிரிச்சுக்கிட்டே கேளுங்க." டீச்சர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "உங்க பக்கத்துல வர்றவன் ஸ்டூடண்ட் இல்ல. என்னைக் கொல்ல வர்றான். வீட்ல என் பொண்ணு காய்ச்சலாப் படுத்திருக்கு. போலீஸ் வந்துட்டிருக்காங்க. நான் வீட்ல இல்லன்னு சொல்லுங்க. அவனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்."

குடை நின்றது. அவனும் நின்றான்.

பாலிசிக்காரியின் தலை மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

பிறகு தெருவே அதிர ஒரு சிரிப்பு.

"அட, என்ன டீச்சர் நீங்க! வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கோம், இப்பப் போய் வெளிய இருக்கேங்கறீங்க!" இந்த முறை ஒவ்வொரு சொல்லும் ஜன்னல் வரை ஏறி வந்தது. வேண்டுமென்றே ஏற்றினாள் அவள். "என்னது? க்ளினிக்கா? ஓ, அதையா புது வகுப்புக்குப் பிடிச்சிருக்கீங்க? அதான் பதினாறா! சரி சரி, சாவியோட வாங்க. இங்க உங்க ஸ்டூடண்ட் ஒருத்தரும் நிக்கறார். நாங்க ரெண்டு பேரும் அங்கேயே வெயிட் பண்றோம்."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவன் அசையவில்லை. தெருவின் கடைசியைப் பார்த்தான். ஒவ்வொரு ஜன்னலாகக் கண்கள் மேய்ந்தன. திரை டீச்சரின் தோளில் உரசி லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டானா?

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

பாலிசிக்காரி குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். உரிமையாக முழங்கையைத் தொட்டாள். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாள். பிறகு தெரிய வந்தது, அவள் கேட்டது அவன் வயது. புகை பிடிப்பதுண்டா என்று கேட்டாளாம். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றாளாம். இருபது வருடம் கதவு கதவாகத் தட்டி, வேண்டாம் என்றவர்களைத் திண்டாடவைத்த வாய் அது. அவன் போனைப் பார்த்தான். படத்தில் பதினாறு நீந்திக்கொண்டிருந்தது. எரிச்சலோடு திரும்பி, குடைக்கு அடியிலேயே க்ளினிக்கை நோக்கி நடந்தான்.

அவர்கள் வாசலை அடையவும், தெரு வாயில் ஜீப் திரும்பவும் சரியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சாதாரணமாக இறங்கினார். அவன் போனைப் பின்னால் மறைத்தான். அதைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருப்பா இந்த மெழுகுவர்த்தி?"

"நான் பேசத்தான் வந்தேன் மேடம். என் பொண்டாட்டிகிட்ட—"

"பேசலாமே. கோர்ட் உத்தரவு எத்தனை பக்கம்னு அங்க வந்து படிச்சுக் காட்டு. ஏறு."

அவன் ஏறுவதற்கு முன் ஒருமுறை தெருவின் கடைசியைப் பார்த்தான். டீச்சர் திரைக்குப் பின்னால் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஜீப் திரும்பிப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை.

"அக்கா? அக்கா! ஏதாவது சொல்லேன்க்கா!" லேப்டாப்பில் பூட்டு கத்திக்கொண்டிருந்தான். "இங்க லிங்க் மட்டும்தான் தெரியுது. இன்னும் நம்ம ஊர்னுதான் காட்டுது. அக்கா, நீ இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றாள். பிறகுதான் அழுதாள்.

கதவு தட்டப்பட்டது. எல்லாம் தெரிந்திருந்தும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. துளை வழியாகப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினாள். பாலிசிக்காரி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். குடையை மடக்கக்கூட முடியவில்லை.

"தண்ணி குடுங்க டீச்சர். நான்தான் அவனைக் கூட்டிட்டு வந்தேன். என் வாயைத் தைக்கணும். தோல் தைக்கிற ஊசியாலயே தைங்க."

"தைச்சிருந்தா இன்னிக்கு நான் இல்ல" என்றாள் டீச்சர்.

ஒரு செம்பு தண்ணீர் உள்ளே போனதும் அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒரு பாலிசி ரொம்ப அவசியம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தோளிலிருந்த பையை இறக்கினாள். "நான் வந்தது இதுக்குத்தான். கைப்பிடி கோணிக்கிட்டே போகுது. ஏழாம் பாடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் பிடிபடல."

லேப்டாப்பில் பூட்டு தொண்டையைக் கனைத்தான். "அக்கா, ஓடற அட்ரஸை இனிமே எடுத்துடறேன். பேரும் போன் நம்பரோட கடைசி மூணு இலக்கமும் போதும்."

"முதல்ல எடு. அப்புறம் இந்த வீட்டை மாத்தணுமான்னு யோசிப்போம்."

டீச்சர் தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மேசைக்கு வந்து கத்தியை எடுத்துக் கோணலாகப் போன தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பாலிசிக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர்... நீங்க இடது கையா?"

டீச்சரின் விரல்கள் நின்றன. பழக்கம் கத்தியை வலது கைக்கு மாற்றச் சொன்னது. மாற்றவில்லை.

"ஆமா" என்றாள். "எதிர்ல நிக்காதீங்க, குழப்பும். இந்தப் பக்கம் வந்து பாருங்க."